எமனை விரட்ட வைத்த பெயர்

எங்கள் ஊர் ஹிட்லர் யாரையும் அதட்டி நான் பார்த்ததில்லை. வீட்டுக்குள் புகுந்த கோழியைக்கூட "வெளிய போம்மா, வெளிய போ" என்று கெஞ்சித்தான் ஓட்டுவான். கள்ளக்குறிச்சியில், கச்சிராயபாளையம் சாலையில், என் உரக்கடைக்கு அடுத்த கட்டடம் அவனுடையது. ஸ்பீக்கர் பெட்டிகள், சீரியல் லைட் சுருள்கள், ஜெனரேட்டர், இதற்கெல்லாம் நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதில் அவன். ஒவ்வொரு பெட்டியின் முதுகிலும் சிவப்புப் பெயிண்டில் 'ஹிட்லர் சவுண்ட் சர்வீஸ்' என்று எழுதியிருக்கும். கல்யாணமோ காதுகுத்தோ கருமாதியோ, இந்தப் பக்கம் திருநாவலூரில் இருந்து அந்தப் பக்கம் கல்வராயன் மலை வரைக்கும் அந்தப் பெட்டிகள் போகும். பந்தக்கால் நட்டதும் யாராவது ஒருவர் "ஹிட்லருக்குச் சொல்லியாச்சா?" என்று கேட்பார்.

நான் செழியன். யூரியா இல்லை, யூரியா இல்லை என்று சொல்லியே சிடுமூஞ்சியானவன். என்னிடம் திட்டு வாங்கிக்கொண்டு போகிறவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து அனுப்புவது அவன் வேலை. எங்கள் இருவருக்கும் பெயரை மாற்றி வைத்துவிட்டார்கள் என்று கடைத்தெருவே கேலி பண்ணும்.

அந்தப் பெயர் வந்த கதை இது. ரிஷிவந்தியம் பக்கத்தில் ஒரு கிராமம். அவன் அப்பா சடையன், கரும்பும் கம்பும் போட்டுப் பிழைத்த குடியானவர். முதல் இரண்டு பிள்ளைகளும் தவழ்வதற்கு முன்பே தவறிவிட்டன. அப்படி ஆன வீட்டில் அடுத்துப் பிறப்பதற்குக் குப்பன், பிச்சை என்று பெயர் வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். தேடி வருகிற எமன், குப்பையில் கிடப்பது நமக்கெதற்கு என்று திரும்பிவிடுவானாம். சடையனுக்கு அந்த வழி பிடிக்கவில்லை. "எம் புள்ள எதுக்குக் குப்பையாவணும்? எமனே பயந்து ஓடுற பேரா வெக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். பட்டாளத்தில் இருந்து திரும்பிய ஒருவர் அவரிடம், வெள்ளைக்காரனையே கதிகலங்க அடித்த ஆள் ஒருத்தன் இருந்தான், பேரைக் கேட்டாலே உலகம் நடுங்கும் என்று சொல்லியிருக்கிறார். அந்த ஆள் யார், என்ன செய்தான் என்றெல்லாம் சடையன் கேட்கவில்லை. நடுங்குமா, அது போதும். மூன்றாவது பிள்ளைக்கு அந்தப் பெயரை வைத்தார். பிள்ளை பிழைத்துக்கொண்டது. பெயர்தான் காப்பாற்றியது என்று சாகும்வரை நம்பினார்.

பிழைத்த பிள்ளையும் அப்படியே நம்பினான். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன். அந்த இன்னொரு ஹிட்லரைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் மீசையும் சண்டையும்தான். எங்களுக்கு மட்டும் என்ன பெரிதாகத் தெரியும்? கண்டிப்பான வாத்தியாரை ஹிட்லர் என்போம், வாய் நீண்ட மாமியாரை ஹிட்லர் என்போம், அத்தோடு சரி. யாராவது பெயரைக் கேட்டுச் சிரித்தால், "சிரிக்காதீங்க, எங்கப்பா என்னை உசுரோட வெச்சுக்க வெச்ச பேரு" என்பான். அதைச் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். அவ்வளவு பெருமை.

அவன் வாழ்க்கையில் செய்த ஒரே சர்வாதிகாரம், மைக் செட்டு போடப் போன ஒரு கூட்டத்தில்தான். மேடையில் பேசிய ஆள், பக்கத்துத் தெரு ஜனங்களைப் பெயர் சொல்லாமல், ஆனால் எல்லாருக்கும் விளங்கும்படி, கேவலமாகத் திட்ட ஆரம்பித்தான். கீழே விசில் பறந்தது. ஹிட்லர் எழுந்துபோய் ஆம்பிளிஃபயரின் பின்பக்கம் கையை விட்டான். மைக் செத்துவிட்டது. "ஃபியூஸ் பூடுச்சுங்க" என்றான். மாற்று ஃபியூஸ் அவன் சட்டைப் பையிலேயே இருந்தது எனக்குத் தெரியும். கடைசி வரைக்கும் அது வெளியே வரவில்லை.

அவனுக்கு ஒரே மகள், இலக்கியா. மனைவி அம்சவள்ளி, என்னையும் சேர்த்துச் சோறு போட்டுத் திட்டுகிறவர். இலக்கியா சேலத்தில் நர்சிங் முடித்தாள். ஜெர்மனியில் நர்சுகளுக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டு, சென்னையில் தங்கி அந்தப் பாஷையைப் படித்தாள். பெர்லினில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்கும் எடுத்துக்கொண்டார்கள். ஊர் முழுக்க இனிப்பு கொடுத்தோம். புறப்பட மூன்று மாதம் இருக்கும்போது ஒருநாள், சொல்லாமல் கொள்ளாமல் சென்னையில் இருந்து நேராக அப்பன் கடைக்கே வந்து இறங்கினாள். பையைக்கூடக் கீழே வைக்காமல், "யப்பா, ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள். நான் எழுந்து போகப் பார்த்தேன். "நீயும் இரு மாமா" என்றாள்.

விஷயம் இதுதான். நமக்கு இனிஷியல்தான். எச்.இலக்கியா என்று பள்ளிக்கூடம் முழுக்க ஓட்டிவிட்டாள். ஆனால் பாஸ்போர்ட்டில் அந்த எச் முழுப் பெயராக விரிந்து, குடும்பப் பெயர் என்ற இடத்தில் உட்கார்ந்துகொண்டது. ஜெர்மனியில் ஆளை அந்தக் குடும்பப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்களாம். நர்ஸ் சட்டையில் குத்தும் அட்டையிலும் அதுதான் வருமாம். ஜெர்மன் வகுப்பில் டீச்சர் முதல்முறை அந்தப் பெயரை வாசித்துவிட்டு, இவளை வெளியே கூட்டிப்போய்ப் பேசியிருக்கிறார். அதற்குப் பிறகு இவளே தேடித் தேடிப் படித்திருக்கிறாள்.

"அந்தாளு இன்னா பண்ணான்னு தெரியுமாப்பா ஒனக்கு?"

"சண்ட போட்டாரு. வெள்ளைக்காரன..."

"சண்ட இல்லப்பா. யூதருங்கன்னு ஒரு ஜனம். அவங்களக் கொன்னான்."

"யூதருங்கன்னா? மாதா கோயில் தேருக்கு செட்டு போடுறோமே, அவங்க பைபிள்ல வர்ற ஜனமா?"

"அவங்கதான். ஏசுவே யூதர்தானப்பா. மொதல்ல அவங்க வேலையப் புடுங்குனாங்க. கடையில எதுவும் வாங்காதன்னாங்க. புள்ளைங்கள இஸ்கூல்லேருந்து தொரத்துனாங்க. சட்டையில அடையாளம் குத்திக்கணும்னாங்க. அப்புறம் வூடு வூடா இழுத்துக்கினு போய், ஆடு மாடு மாதிரி ரயில்ல அடைச்சு, கேம்புக்குக் கொண்டுபோய் வெஷப் புகை வெச்சுக் கொன்னாங்க."

"எத்தினி பேரு?"

"அறுவது லட்சம். அதுல பதினஞ்சு லட்சம் கொழந்தைங்க."

ஹிட்லர் என்னைப் பார்த்தான். "நம்ம ஜில்லா ஜனம் மொத்தம் எவ்ளோ இருக்கும், செழியா?"

"கடைசியா எடுத்த கணக்குல பதிமூணு, பதினாலு லட்சம்" என்றேன்.

அவன் கணக்கில் கெட்டிக்காரன் இல்லை. ஆனால் இந்தக் கணக்குக்குக் கெட்டிக்காரத்தனம் வேண்டாம். மலை அடிவாரத்தில் இருந்து உளுந்தூர்பேட்டை வரைக்கும் அத்தனை ஊர், அத்தனை தெரு, கிழவன் கிழவி எல்லாரையும் கூட்டினாலும் செத்துப்போன அந்தக் குழந்தைகளின் எண்ணிக்கை வரவில்லை. கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் குடித்துக் கொத்தாகச் சாவு விழுந்த வாரம் இவன்தான் வீடு வீடாகப் போய் சாமியானா கட்டி லைட் போட்டான். வாடகை வாங்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு மாதம் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு தெருச் சாவைத் தாங்காத மனுஷனிடம் அறுபது லட்சம் என்றால் அவன் என்ன செய்வான்? தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ஜனம் சும்மாவா இருந்துச்சு?" என்றான் பிறகு.

"மைக்குல பேசுனான்ப்பா. ஊர் ஊரா, ரேடியோவுல. ஒங்க கஷ்டத்துக்கெல்லாம் இவங்கதான் காரணம்னு. ஜனம் கைதட்டுச்சு."

அவன் சுற்றிலும் அடுக்கியிருந்த பெட்டிகளைப் பார்த்தான். "அவனுக்கும் செட்டு போட்டவன் ஒருத்தன் இருந்திருப்பான் இல்ல?" என்றான்.

இலக்கியாவின் கவலை வேறு. அந்த இல்லத்தில் யூதப் பெரியவர்களும் சிலர் இருக்கிறார்களாம். சின்ன வயதில் தப்பிப் பிழைத்தவர்கள். அவர்களைக் குளிப்பாட்டி, தலைவாரி, மாத்திரை கொடுக்கப் போகிறவள் நெஞ்சில் அந்தப் பெயரைக் குத்திக்கொண்டு நிற்பதா? நிற்கக் கூடாது. அப்படியென்றால் அப்பன் பெயரை எடுத்துவிட வேண்டும். அதை அப்பனிடம் எப்படிச் சொல்வது? அதற்குத்தான் வந்திருக்கிறாள். வந்தவள் அதை மட்டும் சொல்லாமல் அழுதாள். "நான் போகலப்பா. இங்கியே சேலத்துல வேலை பாக்கறேன்" என்றாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "போகலையா? ரெண்டு வருஷம் படிச்சதை எங்கூட்டு எருக்குழியில கொட்டப் போறியா?" என்று கத்தினேன். நான் கத்தினால் யாரும் பொருட்படுத்துவதில்லை.

ஹிட்லர் இரண்டு நாள் கடையைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் மகளையும் மனைவியையும் கூட்டிக்கொண்டு என் கடைக்கே வந்தான். "பொண்ணுக்கு அவங்க அம்மா பேரையே இனிஷியலா போடலாம். அரசாங்கமே ஒத்துக்குதாம், விசாரிச்சுட்டேன்" என்றான். அம்சவள்ளி பதறிப்போய், "எம் பேரா? அதெல்லாம் இன்னாத்துக்கு?" என்றார். ரேஷன் கார்டுக்கு வெளியே அந்த அம்மா பெயரை யாரும் எங்கும் எழுதியதில்லை. "பத்து மாசம் சுமந்தவ நீதானம்மே. என்னிய வுட ஒனக்குத்தான் பாத்யதை ஜாஸ்தி" என்றான் அவன். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் எனக்குத் தெரியும். ஒரே பிள்ளை. அவள் பெயருக்கு முன்னால் நிற்கும் அந்த ஒற்றை எழுத்துதான் அவன் சேர்த்துவைத்த சொத்து. அதைத் தன் கையாலேயே எடுத்துக் கீழே வைத்தான். எனக்கு அன்று அவன்மேல் மரியாதை கூடிவிட்டது. அதை அவனிடம் இதுவரை சொல்லவில்லை.

கெஜட்டில் போட்டு, புது பாஸ்போர்ட் வாங்கி, இலக்கியா அம்சவள்ளியாக அவள் விமானம் ஏறினாள்.

இங்கே அவன் தன் பெயரையும் மாற்றப் பார்த்தான். அதுதான் பெரிய கூத்து. இனிமேல் தன்னைச் சின்னதுரை என்று கூப்பிட வேண்டும் என்று எல்லாரிடமும் சொல்லச் சொன்னான். நான் டீக்கடையில் அறிவித்தேன். "எந்தச் சின்னதுரை?" என்றார்கள். "நம்ம ஹிட்லர்தான்" என்றேன். "அப்டி சொல்லு. ஹிட்லருக்குப் பேரு சின்னதுரையா?" என்று அதற்கும் தலையாட்டினார்கள். பெட்டிகளில் எல்லாம் பழைய எழுத்தின் மேல் பெயிண்ட் அடித்து 'இலக்கியா சவுண்ட் சர்வீஸ்' என்று எழுதினான். மறுவாரமே ஒருவர் வந்து, "யோவ் ஹிட்லரு, யாரோ இலக்கியாவாம், ஒன் தொழிலுக்குப் போட்டியா வந்துட்டா" என்று எச்சரித்துவிட்டுப் போனார். அவனும் சிரித்துவிட்டான். இந்த ஊரில் ஒட்டிய பெயரைத் தோலோடுதான் உரிக்க வேண்டும்.

ஒரு பயம் மட்டும் அவனை விடவில்லை. யாராவது அங்கே மகளிடம் அப்பா பேர் என்ன என்று கேட்டுவிட்டால்? "சின்னதுரைன்னு சொல்லிடும்மா. மறந்துகூட வாய் தவறிடாத" என்று போனில் ஒவ்வொரு முறையும் சொல்வான். அவள் "சரிப்பா, சரிப்பா" என்பாள்.

அவள் அங்கே பார்த்துக்கொள்ளும் பெரியவர்களில் ஒருவர் ரூத். தொண்ணூறு வயது. யூதப் பெண். சிறுமியாக இருந்தபோது ஒரு கிராமத்துக் குடியானவர் வீட்டில் வேறு பெயரோடு ஒளித்துவைக்கப்பட்டுப் பிழைத்தவர். அவருடைய அம்மாவை ரயிலில் ஏற்றிக்கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை. யாரையும் கிட்டே சேர்க்காத அந்தக் கிழவி இவளிடம் மட்டும் ஒட்டிக்கொண்டார். இவள் ரசம் வைத்துக் கொடுத்தாளாம், மூன்று தம்ளர் குடித்தாராம். இதைக் கேட்டு அம்சவள்ளி ஒரு மாதம் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

போன தை மாதம் வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு மலைக்கிராமத்தில் கல்யாணம். பெண்ணின் அப்பா மக்காச்சோள விதைக்கு என் கடைக்கு வருகிறவர், அதனால் எனக்கும் அழைப்பு. ஹிட்லர் செட்டு போட வந்திருந்தான், அம்சவள்ளியும் கூட வந்திருந்தார். அந்த ஊரில் ஒரு பலா மரத்தடியில் மட்டும்தான் சிக்னல். மத்தியானச் சாப்பாடு முடிந்து மூவரும் அங்கே உட்கார்ந்திருந்தபோது இலக்கியா வீடியோவில் கூப்பிட்டாள். பக்கத்தில் சக்கர நாற்காலியில் ஒரு வெள்ளைத்தலை. "ரூத் அம்மா ஒங்களப் பாக்கணுமாம்" என்றாள்.

ஹிட்லர் எழுந்து நின்று கும்பிட்டான். அந்த அம்மாவும் கும்பிட்டார், இவள் பழக்கியிருக்கிறாள். அம்சவள்ளி, "சாப்டீங்களா?" என்று தமிழிலேயே கேட்டார். அந்த அம்மா வயிற்றைத் தட்டிக் காட்டினார். எல்லாரும் சிரித்தோம். அப்போது அந்த அம்மா ஹிட்லரைக் காட்டி ஏதோ கேட்டார். இலக்கியாவின் சிரிப்பு நின்றுவிட்டது.

"யப்பா, ஒன் பேரு இன்னான்னு கேக்கறாங்க. சின்னதுரைன்னு சொல்லிடறேன்."

அவன் உடனே சரி என்று சொல்லியிருக்கலாம். அவன்தானே சொல்லிக்கொடுத்தான். போனையே பார்த்துக்கொண்டு நின்றான். கல்யாண வீட்டில் அவனுடைய பெட்டியில் நாதஸ்வரம் ஓடிக்கொண்டிருந்தது.

"வேணாம்மா" என்றான். "வேற யாரு கேட்டாலும் அப்டியே சொல்லிக்க. இவங்ககிட்ட பொய் சொல்ல என்னால ஆவாது. நெசத்தைச் சொல்லு. எங்கப்பா எதுக்கு வெச்சாருன்னும் சொல்லு. அவங்க இன்னா திட்டுனாலும் நான் கேட்டுக்கறேன்."

"ஏன்யா, ஒம் பொண்ணு வேலைக்கு ஒலை வெச்சுடாத" என்று நான் அவன் காதைக் கடித்தேன். அவன் காதிலேயே வாங்கவில்லை.

இலக்கியா சொன்னாள். பாஷை எங்களுக்குப் புரியாது. ஆனால் அந்தப் பெயர் எந்தப் பாஷையிலும் புரியும். அது காதில் விழுந்ததும் அந்த அம்மாவின் கை நாற்காலிச் சட்டத்தைப் பிடித்தது. முகம் கல்லாகிவிட்டது. இலக்கியா அழுகிற குரலில் மேலும் மேலும் சொல்லிக்கொண்டே போனாள். சடையன், செத்துப்போன இரண்டு குழந்தைகள், எமன் என்று எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். ஹிட்லர் கும்பிட்ட கையை இறக்கவே இல்லை. கல்யாண வீட்டில் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது ஆரம்பித்துவிட்டது. அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

பிறகு மெதுவாகப் பேசினார். நிறுத்தி நிறுத்திப் பேச, இலக்கியா தமிழில் சொன்னாள்.

"அவங்க அம்மா பேரு மார்த்தாவாம். யூதப் பொம்பளைங்க எல்லாம் பேரோட சாரான்னு சேத்துக்கணும்னு அப்ப சட்டம் போட்டாங்களாம். கூப்ட்ட ஒடனே யூதருன்னு தெரியறதுக்கு. அந்தப் பேரு சாவுறதுக்கு வெச்ச பேரு. அவங்க அம்மாவே இவங்களை ஒளிச்சு வெக்கறப்ப, ஒம் பேரு ரூத் இல்ல, ஹில்டான்னு சொல்லி வுட்டாங்களாம். அது பொழைக்கறதுக்கு வெச்ச பேரு. பொழைக்கறதுக்கு வெச்ச பேருல தப்பு கெடையாதுன்னு சொல்றாங்கப்பா. ஒங்கப்பா மேல கோவம் இல்லயாம். ஆனா..."

"ஆனா?" என்றான் ஹிட்லர்.

"ஆனா அந்தப் பேரை அவங்க வாயால சொல்ல முடியாதாம். மன்னிச்சுக்கச் சொல்றாங்க."

"ஐயோ, அவங்க எதுக்கும்மா மன்னிப்பு கேக்கணும்" என்று இவன் தவித்தான்.

அந்த அம்மா இப்போது அம்சவள்ளியைப் பார்த்து ஏதோ கேட்டார். "யம்மா, நீ அப்பாவை எப்டிக் கூப்புடுவேன்னு கேக்கறாங்க" என்றாள் இலக்கியா.

அம்சவள்ளிக்கு வெட்கம் வந்துவிட்டது. முந்தானையை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டார். "நான் எங்கடி பேரு சொல்லிக் கூப்புட்டேன்? கட்டுன புருசன் பேரை யாராச்சும் சொல்லுவாங்களா? இந்தாங்கன்னுவேன். நாலு பேரு இருந்தா இலக்கியா அப்பான்னுவேன்."

"ஒரு வாட்டிகூடச் சொன்னதில்லையான்னு கேக்கறாங்கம்மா."

"சத்தியமா சொன்னதில்ல. மாமியாரு கேட்டாக்கூட ஒங்க புள்ளைன்னுதான் சொல்லுவேன்."

இலக்கியா இதை அவர் பாஷையில் சொன்னதும் அந்த அம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இலக்கியாவின் வாயையே பார்த்து, அவள் சொல்லச் சொல்லத் தானும் முணுமுணுத்தார். ரெண்டு தரம் நாக்கு சிக்கியது. தலையை ஆட்டிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார். பிறகு போனுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து, எங்கள் ஹிட்லரை நேராகப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூப்பிட்டார்.

"இலக்கியா அப்பா."

எங்கள் ஊரே பெயரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தேய்த்த அந்த மனுஷன், அன்றுதான் முதல்முறையாக யாரோ கூப்பிட்டது போல விம்மி அழுதான். தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தான்.

"தோ, இங்கதாம்மா இருக்கேன்" என்றான். "சொல்லுங்க."